மீட்டர் யார் பெயரில்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட சங்க வகுப்பில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குத் தந்த தலைப்பு "நாட்டின் சக்திக் கொள்கையும் தோட்ட மக்களும்". வாசலில் வைத்தே ஒரு அண்ணன் கேட்டுவிட்டார்: "டீச்சர், சம்பளத்தப் பத்திப் பேசாம கரண்டப் பத்தி என்னாத்துக்கு?" நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

மாதம் 30 யுனிட் எரிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று பல்பு, ஒரு டிவி, போன் சார்ஜர், எப்போதாவது ஒரு அயன் பெட்டி. 2022 ஆகஸ்ட்டுக்கு முன்பு அந்த வீட்டுக்கு யுனிட் 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். 2023 பெப்ரவரியில் யுனிட் 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய் என்றானது. அதே வீடு, அதே பல்பு, 1300 ரூபாய். அப்போது நமக்கு நாட்சம்பளம் 1000. ஒரு முழுப் பேரும் அதற்கு மேலேயும் கரண்டுக்கே போனது. கட்ட முடியாத வீடுகளுக்குச் சிவப்பு பில் வந்தது, பிறகு இணைப்பை வெட்ட ஆள் வந்தது. சம்பளத்துக்குப் போராடும் சங்கம் இந்தப் பில்லைப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்?

அதன்பிறகு கட்டணம் பல தடவை இறங்கி ஏறி, 2025 ஜூனில் முதல் 30 யுனிட்டுக்கு 4 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 80 ரூபாய் என்று வந்தது. கூட்டினால் 215 ரூபாய். இந்த 215ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் எத்தனை குடும்பத்துக்கு அந்த 215 உண்மையில் கிடைத்தது என்பதுதான் நான் பேச வந்த சங்கதி. அதற்கு முன்னால், கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

அது வேறெங்கிருந்தும் வரவில்லை, நம்முடைய மலையிலிருந்துதான் முதலில் போனது. 1918ல் விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா இரண்டின் தண்ணீரிலும் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதி வைத்தார். 1950 டிசம்பரில்தான் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த வருடத்தை வேறொரு கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 1948ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் தாத்தா பாட்டிமார் நாடற்றவர்களாகிக் கிடந்த காலம் அது. அவர்கள் கவ்வாத்து வெட்டிய மலையின் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொண்டுபோனது. அவர்களுடைய லயத்தில் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

பிறகு 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் தலைகாட்டுவதைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் போகிறார்கள். காசல்ரீயின் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு, பழைய லக்ஷபானவைச் சுற்றிவிட்டு, கடைசியாகப் பொல்பிட்டியவையும் சுற்றுகிறது. மவுசாக்கலைத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான, பிறகு அதே பொல்பிட்டிய. ஒரே தண்ணீர் மூன்று தடவை வேலை செய்கிறது. விடியற்காலை அடுப்பெரித்து, பகலெல்லாம் கொழுந்தெடுத்து, பின்னேரம் விறகும் சுமந்து வரும் நம் பெண்களைப் போல. அதோடும் விடுவதில்லை. களனி கங்கையில் இறங்கி அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிதண்ணீராகவும் ஆகிறது. இந்த ஐந்து நிலையங்களும் சேர்ந்து முந்நூறு மெகாவாட்டுக்கு மேல். 2012ல் தலவாக்கலையில் மேல் கொத்மலை, இன்னுமொரு 150. அதற்காகச் சென் கிளயர் நீர்வீழ்ச்சி மெலிந்துபோனதைத் தலவாக்கலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது அரசாங்கத்தின் கொள்கைக்கு வருவோம். 2030ல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் மீள்பிறப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரவேண்டும் என்பது இலக்கு. கடதாசியில் பயங்கரமான சொல்லாக இருக்கிறது. அர்த்தம் எடுக்க எடுக்கத் தீராதது. தண்ணீர், வெயில், காற்று, விறகு. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி அப்படியில்லை. கப்பலில் வரவேண்டும், டொலர் கொடுக்க வேண்டும். டொலர் தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2022ல் பட்டு அனுபவித்தோம். அந்த மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கரண்டும் இல்லை, விளக்குக்கு எண்ணெயும் இல்லை. 2023 ஜனவரி, பெப்ரவரியில் உயர்தரப் பரீட்சை நடந்தபோதும் மின்வெட்டு நிற்கவில்லை. இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தான். ஆகவே சொந்த நாட்டுத் தண்ணீரிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பது நல்ல கொள்கை. அதை நாம் எதிர்க்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

வெயில் வந்தால் தண்ணீருக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுதும் இருண்டது ஞாபகமிருக்கும். எல்லோரும் குரங்கைப் பற்றியே சிரித்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைகள் ஓடவில்லை, நல்ல வெயில். கூரைகளிலிருந்து சோலார் கரண்ட் கொட்டுகிறது. நீர்மின் நிலையத்தில் சுழலும் பெரிய இயந்திரத்துக்குப் பாரம் உண்டு. ஒரு தட்டுத் தட்டினாலும் அது சட்டென்று நிற்காது, தாங்கும். சோலாருக்கு அந்தப் பாரம் இல்லை. அதனால் ஒரு இடத்தில் விழுந்த அடி நாடெல்லாம் போனது. அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் மின்சார சபை கேட்க வேண்டி வந்தது. மறுபக்கம், பின்னேரம் ஆறரைக்கு வெயில் போகிறது. அந்த நேரத்தில்தான் நாடு முழுக்க எல்லா பல்பும் எரிகிறது. அப்போது நிமிடக் கணக்கில் கைகொடுக்கக்கூடியது காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் கொத்மலையிலும் விக்டோரியாவிலும் தேங்கி நிற்கும் தண்ணீர். சோலார் கூடக்கூட மலைநாட்டுத் தண்ணீர் இன்னும் பெறுமதியாகிறது. நாட்டுக்கு நம்முடைய மலைதான் பெட்டரி. அணைக்கு மேலே மண் கரையாமல் கான் வெட்டி, புல் வெட்டி அந்தத் தண்ணீரைக் காப்பவர்களும் நாம்தான். அதற்கு யாரும் தனியாகப் பேர் போட்டது கிடையாது.

சரி, இந்தக் கொள்கையில் நமக்கு என்ன பங்கு? 2016ல் கூரைமேல் சோலார் திட்டம் பெரிதாகத் தொடங்கியது. வீட்டுக் கூரையில் பெனல் போடலாம், மிஞ்சியதை மின்சார சபைக்குக் கொடுத்துக் காசு வாங்கலாம். வங்கி கடன் தரும். எல்லாம் சரி. கூரை உங்களுடையதா? லயத்தின் தகரம் தோட்டத்துடையது. காணி தோட்டத்துடையது. உறுதி இல்லை, ஆகவே வங்கிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. மீட்டர் யார் பெயரிலோ அவருக்குத்தான் அந்தத் திட்டம். நம் பக்கம் பனியும் மழையும் கூட. புத்தளத்திலோ அம்பாந்தோட்டையிலோ பிடிக்கும் வெயில் நுவரெலியாவில் பிடிக்காது. அதனால் லயத்துக்கு லயம் பெனல் கேட்போம் என்று நான் சொல்ல வரவில்லை. பாடசாலை, பிள்ளைக்காம்பரா, தொழிற்சாலை மாதிரிப் பெரிய கூரைகளில் போட்டு அதன் வரவை லயங்களின் பில்லில் கழிக்கச் சொல்லலாம். அது பேச வேண்டிய கோரிக்கை. ஆனால் அதைக் கேட்பதற்கும் முதலில் ஒன்று வேண்டும்.

மீட்டர் வேண்டும். குடும்பத்துக்கு ஒரு மீட்டர்.

அப்பா பெயரில் ஒரு மீட்டர். மூத்த மகன் கல்யாணம் செய்து பக்கத்துக் காம்பராவில். இளையவன் இஸ்தோப்பை மறைத்து அதில். மகள் பின்னால் ஒரு பத்தி இறக்கி அதில். நான்கு குடும்பம், நான்கு அடுப்பு, ஒரு மீட்டர். ஒவ்வொன்றும் சிக்கனமாக 30 யுனிட்தான் எரிக்கிறது. மீட்டரில் 120 ஓடுகிறது. கட்டண முறையில் 60ஐத் தாண்டினால் அடியிலிருந்தே விலை மாறும். 2025 ஜூன் கட்டணப்படி முதல் 60 யுனிட்டுக்கு 12 ரூபாய் 75 சதம் வீதம் 765. அடுத்த 30க்கு 18 ரூபாய் 50 சதம் வீதம் 555. அதற்கடுத்த 30க்கு 24 ரூபாய் வீதம் 720. நிலையான கட்டணம் 1000. கூட்டுங்கள்: 3040 ரூபாய். நான்கு மீட்டர் இருந்திருந்தால் 215 நான்கு தடவை, 860 ரூபாய். அந்தக் கட்டணத்தில் மாதாமாதம் 2180 ரூபாய் கூடுதல். ஏழைக்கு என்று அரசாங்கம் ஒதுக்கிய மலிவுக் கட்டணம் நம்முடைய வாசலில் வந்து திரும்பிப் போகிறது. குளிர்சாதனப் பெட்டியும் வாஷிங் மெஷினும் வைத்து 120 எரிக்கும் ஒரு டவுன் வீடும், பல்பு மட்டும் எரிக்கும் நான்கு லயக் குடும்பமும் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன.

தனி மீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜூன் கட்டணப்படி 30 யுனிட்டுக்கு 215. 31ஆவது யுனிட் எரிந்தால் பில் 353 ஆகும். அந்த ஒரே யுனிட்டுக்கு 138 ரூபாய். மாதக் கடைசியில் மீட்டரைப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நான் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கை மீட்டரை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். புத்தகத்தில் இருக்கும் மாம்பழக் கணக்கைவிட அது சீக்கிரம் ஏறுகிறது.

புது மீட்டருக்கு ஏன் போடவில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தொரை லெட்டர் குடுக்க மாட்டேங்கிறாரு." வீட்டு உறுதி இல்லாதவருக்கு நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். புதிதாகக் கட்டிய பத்தியை, மறைத்த இஸ்தோப்பை நிர்வாகம் வீடாகவே ஏற்பதில்லை; கடிதம் கொடுத்தால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற பயம். கரண்ட் சங்கதி காணிச் சங்கதியாகும் இடம் இதுதான். காணி உரிமைப் போராட்டம் முடியும்வரை பில்லில் நட்டப்பட முடியாது. கடிதத்தைத் தனித்தனியாகக் கேட்டால் "பாப்போம்" என்ற பதில்தான் வரும். டிவிஷன் முழுவதற்கும் ஒரே பட்டியலாகச் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்க வேண்டும். கட்டணம் மாற்றும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் போய்ப் பேசலாம். கைத்தொழில்காரரும் ஹோட்டல்காரரும் தவறாமல் போகிறார்கள். ஒரே மீட்டரில் நான்கு குடும்பம் என்ற கதையை நம்மைத் தவிர வேறு யார் அங்கே போய்ச் சொல்லப்போகிறார்கள்?

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது காசைவிடப் பெரியது. ஒரு மீட்டரிலிருந்து நான்கு காம்பராவுக்கு இழுத்த வயர் கூரைக்குக் கீழே, தகரத்துக்கும் பழைய மரச் சட்டத்துக்கும் இடையில் ஓடுகிறது. மழை ஒழுகும் இடமும் அதேதான். லயத்தில் தீ என்று பத்திரிகையில் வரும்போதெல்லாம் கடைசி வரியில் மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். ஒரு காம்பராவில் பிடித்தால் தொங்கல் வீடு வரைக்கும் போகும்; ஒரே கூரை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் கொப்பி எல்லாம் சாம்பல். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லயங்களை உடனே கண்டுபிடிக்க வேண்டும். இருக்கிற இடத்திலும் "அடிக்கடி விழுது" என்று கம்பி கட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. அடிக்கடி விழுவது சுவிட்சின் குற்றமில்லை, எங்கோ ஒழுகுகிறது என்று அது சொல்கிறது. தயவுசெய்து அந்தக் கம்பியை இன்றைக்கே அவிழ்க்கச் சொல்லுங்கள்.

கரண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மாதர் சங்கத்தார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். நம் வீடுகளில் அதிகமாக எரியும் சக்தி கரண்ட் இல்லை, விறகு. கொழுந்து நிறுத்துக் கூடையை இறக்கிய கையோடு மிலாறு பொறுக்கப் போகிறோம். கவ்வாத்து மலையில் மிலாறு கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் காட்டோரம். அங்கே குளவி இருக்கும், சிறுத்தையும் இருக்கும். தலையில் ஒரு கட்டு, இறக்கத்தில் வழுக்கும் பாதை. பிறகு புகைபோக்கி இல்லாத குசினியில் இருமிக்கொண்டே ஊதுகிறோம். மடியில் பிள்ளை இருக்கும், அதுவும் அந்தப் புகையைத்தான் குடிக்கும். நாட்டின் சக்திப் புள்ளிவிபரத்தில் இந்த விறகெல்லாம் "உயிர்த்திணிவு" என்ற பெயரில் மீள்பிறப்பிக்கத்தக்க சக்தியாகக் கணக்கில் சேருகிறது. நாடு பசுமையாக இருக்கிறது என்று காட்டும் அந்தக் கணக்கில் நம் அக்காமாரின் தலைச்சுமையும் இருக்கிறது என்பதை யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா தெரியாது.

காஸுக்கு மாறச் சொல்வது சுலபம். 2021 கடைசியில் சிலிண்டர் வெடித்தது, 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4860 ரூபாய்க்குப் போனது. அதோடு காஸ் அடுப்பைத் துணி போட்டு மூடி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு விறகுக்குத் திரும்பிய வீடுகள் எத்தனை! ஆகவே விறகை ஒழிப்போம் என்று நான் பேசமாட்டேன். விறகைக் குறைவாகத் தின்னும் அடுப்பைக் கேட்போம். "அனகி" என்ற இரட்டை மண் அடுப்பு இந்த நாட்டிலேயே பல வருடமாகச் செய்யப்படுகிறது. ஒரு தீயில் இரண்டு பானை. சுற்றிவரக் களிமண் பூசி, மேலே ஒரு புகைபோக்கியும் வைத்தால் குசினியின் நிறமே மாறும். அதோடு, தொழிற்சாலையில் தேயிலை காயவைக்க லொறி லொறியாக விறகு வருகிறதே, அந்த மரத்தை வளர்க்கும் தோட்டம் லயங்களுக்கும் ஒரு துண்டில் விறகு மரம் வளர்க்கலாம். கிட்டத்தில் இருந்தால் ஒரு பெண்ணுக்கு நாளில் ஒரு மணித்தியாலம் மிச்சம். ஒப்பந்தம் பேசும்போது இதுவும் மேசைக்கு வரவேண்டும். இதுவரை வராததற்குக் காரணம், மேசையில் உட்காருபவர்கள் விறகு சுமப்பதில்லை. இதை நம் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஓடைகள். மின்சார சபைக் கம்பி வருவதற்கு முன்பே வெள்ளைக்காரன் ஓடைத் தண்ணீரில் தொழிற்சாலை ஓட்டினான். பல தோட்டங்களில் அந்தப் பழைய குழாய்கள் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. 1990களுக்குப் பிறகு சிறு நீர்மின் நிலையங்கள் திரும்ப வந்தன, மின்சார சபைக்குக் கரண்ட் விற்கின்றன. சில கம்பனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் நீர்மின் வருமானம் என்று தனியாகவே ஒரு வரி இருக்கும். சம்பளப் பேச்சில் மட்டும் "தேயிலையில நட்டம்" என்ற பாட்டு. தேயிலை நட்டம் என்றால் இருக்கட்டும், தோட்டத்துத் தண்ணீரில் வந்தது எங்கே போனது என்று கேட்க வேண்டும். சப்ரகமுவப் பக்கம் சிங்களக் கிராமங்கள் வேறு விதமாகச் செய்தன. நாற்பது ஐம்பது வீடுகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, தாங்களே வாய்க்கால் வெட்டிச் சின்ன மின்நிலையம் போட்டார்கள். அப்படி இருநூறுக்கும் மேல் எழும்பின. பிறகு பெரிய கம்பி வந்ததும் பல மூடப்பட்டன, ஒரு சிலது மின்சார சபைக்கு விற்கத் தொடங்கின. அந்தக் கிராமத்தாரைவிட நமக்கு வாய்க்கால் வெட்டத் தெரியாதா? அவர்களுக்கு ஓடைக்கரை சொந்தம், நமக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சு போதும், வேலையைச் சொல்கிறேன். வெளியே மேசையில் படிவம் இருக்கிறது, லயத்துக்கு ஒன்று வீதம் எடுத்துப் போங்கள். லயத்தில் எத்தனை காம்பரா, எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், கடைசி மூன்று மாதமும் எத்தனை யுனிட், ட்ரிப் சுவிட்ச் உண்டா இல்லையா, விறகுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள். இவ்வளவுதான். மாதர் சங்கத் தலைவிகள் நிரப்பினால் நல்லது, குசினி வரைக்கும் போகக்கூடியவர்கள் அவர்கள்தான். பில்லைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், போனில் படம் எடுத்தால் போதும். முக்கியமாக ஒன்று: பக்கத்துக் காம்பராவுக்கு வயர் கொடுத்திருப்பவர்கள் பயப்படுவார்கள், மின்சார சபைக்குத் தெரிந்தால் தண்டம் வரும் என்று. ஆகவே படிவத்தில் யாருடைய பெயரும் எழுத வேண்டாம். மீட்டர் இலக்கமும் வேண்டாம். படத்திலும் பெயர், இலக்கம் தெரியாமல் யுனிட் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுங்கள். காம்பராக்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்களே ஒரு வரிசை வைத்து எழுதுங்கள். பூர்த்தியான படிவம் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரவேண்டும். எட்டாத டிவிஷன்காரர்கள் பாடசாலையில் என்னிடம் கொடுத்தாலும் சரி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினாலும் சரி.